கீச்சுக் குரல் விழாத மிஷின்

கோமதிநாயகம் எடுத்த முடிவு பெரியது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலம். கூட வருவது தறிக்கூட்டாளி சிவனாண்டியும் பக்கத்து வீட்டு முகம்மது ஹுசைனும். பெண்டாட்டிக்கு இடம் கிடையாது.

சாரல் காலம் வந்தால் சங்கரவடிவு குற்றாலம் கேட்பாள். கல்யாணமானதிலிருந்து கேட்கிறாள். இத்தனை காலம் அவருக்கு அது காதில் விழவே இல்லை. விசைத்தறி ஓட்டி ஓட்டி மந்தமான காது. லாரி ஹாரன் கேட்கும், பெண்டாட்டி குரல் கேட்காது.

இந்த வருஷம் மதுரைக்குப் போய்க் காது மிஷின் வாங்கி வந்தார். சட்டைப்பையில் பெட்டி, காதில் குமிழ், நடுவில் ஒரு வயர். "மிஷின் சத்தத்தைத்தான் தரும். சொல்லை நீங்கதான் பழகி எடுக்கணும்" என்று ஆஸ்பத்திரி அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் தினமும் காலையில் சங்கரவடிவு அரிசி புடைக்கும் சுளவால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லாமே தறிச் சத்தமாகத்தான் இருந்தது. போகப் போகக் கொசு பாடுவதுகூடக் கேட்டது.

அதை அவர் வெளியே சொல்லவில்லை. கேட்காத காதின் சுகம், அதை இழந்தவனுக்குத்தான் தெரியும்.

"கட்டைக் குரல் நல்லா விழுது. கீச்சுக் குரல்தான் விழமாட்டேங்கு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

"ஞாயித்துக்கெழம குத்தாலம் போவமாங்க? எங்கம்மையும் தங்கச்சியும் வாரேங்காவ."

"கத்தரிக்காயா? வையி, வையி."

"குத்தாலம்!"

"புளிக்கொழம்பாவே வையி."

அவள் அடுக்களைக்குப் போனாள். சற்று நேரத்தில் கடுகு படபடவென்று வெடித்தது.

"ஏட்டி, கடுகு கருகப்போவுது!"

வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. சங்கரவடிவு கதவோரம் வந்து நின்று அவரையே பார்த்தாள்.

"வாசன வந்துச்சு" என்றார் கோமதிநாயகம்.

அவள் அடுக்களைக்குள் திரும்பிப் போனாள். சாயங்காலம் மதிலோரம் நின்று ஹுசைனின் மனைவி ஷம்சாத் பேகத்தோடு குசுகுசுவென்று பேசினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். கோமதிநாயகத்துக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுவிடாமல் விழுந்தது. ஆனால் என்ன சிரிப்பு என்று எப்படிக் கேட்பது? அவருக்குத்தான் கேட்காதே!

ஞாயிற்றுக்கிழமை காலை, "நூல் பாக்க ராஜபாளையம் போறேன்" என்று நல்லெண்ணெய்ப் புட்டியைப் பைக்குள் ஒளித்துக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சிவனாண்டியும் ஹுசைனும் தலையில் இப்போதே எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஏறும் வே, எடம் போயிரும்" என்றார் சிவனாண்டி.

கோமதிநாயகம் படியில் கால் வைத்தார். அப்போது பின்னால் இருந்து, கிணற்றுக்குள் விழுந்த காளை கூப்பிடுவதுபோல் ஒரு குரல்.

"வே, கோமதிநாயகம்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பியது. சங்கரவடிவு! புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று, ஊரைக் காக்கும் கோமதியம்மனையே 'ஆவுடையம்மா' என்று கும்பிடுகிறவள். பின்னால் மாமியார், கொழுந்தி, கொழுந்தியின் பிள்ளைகள், ஒரு வாளி புளிச்சோறு.

"ஏட்டி! நடு பஸ் ஸ்டாண்டுல என்ன இது?"

"என்ன செய்ய வே? கீச்சுக் குரல் விழலன்னு நீருதான சொன்னீரு. கட்டைக் குரல்ல 'என்னங்க, வாங்க'ன்னா நல்லாவா இருக்கும்? ஆம்பளக் குரலுக்கு ஆம்பளப் பேச்சுதான் வே!"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். ஹுசைன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வே கோமதிநாயகம், சும்மா நிக்கீரே! சோத்து வாளியப் புடியும்!"

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பஸ் ஜன்னல்களில் தலைக்கு மேல் தலை முளைத்தது. இன்னும் ஒரு 'வே' வந்தால், சாயங்காலம் ரதவீதியில் தலைகாட்ட முடியாது.

"தாயே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "மெல்லிசாவே சொல்லு! நல்லா விழுது!"

சங்கரவடிவு முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, கொசு பாடும் குரலில், குனிந்த தலையோடு கேட்டாள்:

"எத்தன நாளா விழுதுங்க?"

கோமதிநாயகம் வாளியை வாங்கிக்கொண்டு ஏறினார். மாமியாருக்கு ஜன்னலோரம். கொழுந்திக்கு அடுத்த ஜன்னலோரம். மீதி இடமெல்லாம் பிள்ளைகள். அவர் மடியில் ஒன்று, வாளியின் மேல் ஒன்று. பஸ் நகர்ந்தது.

"வே! எங்கள விட்டுட்டுப் போறீரே! நிப்பாட்டச் சொல்லும் வே!" சிவனாண்டி கத்திக்கொண்டே கூட ஓடிவந்தார்.

கோமதிநாயகம் பக்கத்தில் இருந்த பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த மிஷின் பெட்டியைத் தட்டிக் காட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"கட்டைக் குரல் விழமாட்டேங்கு வே!"