மின்கோவின் முகமே முத்திரை

மின்கோ கடை திறந்த வாரத்தில் வந்த முதல் வாடிக்கையாளர் அழுதுகொண்டே வந்தார்.

கையில் இரண்டு வெள்ளைப் பூக்கள். யாம்போல் ஊரில் உயிரோடு இருப்பவனுக்கு யாரும் இரட்டைப்படையில் பூ தருவதில்லை. வந்தவர் பக்கத்துத் தெரு பாவ்லினா. காது மந்தம். அதனால் ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும்.

"நல்ல மனுஷன். பழக்கமில்லதான், ஆனா முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

"யாரைச் சொல்றீங்க அக்கா?"

"மின்கோவைத்தான். விளக்குக் கம்பத்துல பார்த்தேன்."

"அக்கா, நான்தான் மின்கோ!"

பாவ்லினா அவன் கன்னத்தைத் தட்டினார். "துக்கத்துல அப்படித்தான் தோணும், தம்பி. என் வீட்டுக்காரர் போனப்ப எனக்கும் நானே போயிட்ட மாதிரிதான் இருந்துச்சு."

பூவை அடுப்பருகே வைத்தார். சிலுவைக்குறி போட்டார். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி சோன்கா எட்டிப் பார்த்தாள். "என்ன, செத்துட்டியாமே?"

"விளம்பரத்தைப் பார்த்துட்டு வந்திருக்காங்க."

"அப்ப விளம்பரம் வேலை செய்யுதுன்னு சொல்லு."

விளம்பரம் ராதோஸ்வெத்தின் யோசனை. தலைநகரிலிருந்து வந்து, சிறுதொழில் தொடங்குவோருக்கு முகாம் நடத்தும் பெரிய மனிதர். தொழிலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை; சொந்தமாக மூன்று தொழில்களை மூடியவர். "பொருளை விற்காதே, உன்னை விற்பனை செய்! உன் முகமே உன் முத்திரை!" என்று அவர் மேடையில் முழங்கியபோது மின்கோவுக்குக் கண் கலங்கியது. அவன் முகத்தைப் பற்றி இதுவரை யாரும் அவ்வளவு நல்லவிதமாகப் பேசியதில்லை.

ஆகவே சுவரொட்டி தயாரானது. வண்ணத்தில் அச்சடிக்க மனம் வராமல் கறுப்பு வெள்ளை. அடையாள அட்டைக்காக எடுத்த, சிரிப்பில்லாத படம். "கரை போட்டால் கம்பீரம்" என்று ராதோஸ்வெத் சொன்னதால் சுற்றிலும் தடித்த கறுப்புக் கரை. பெரிய எழுத்தில் பெயர். அதன்கீழ், "அன்போடு உழைப்பவர். என்றும் உங்கள் நினைவில்." பாலாடைக்கட்டி வைத்து அடுக்கடுக்காகச் சுடும் பானித்ஸாவும் கடை முகவரியும் அடியில் பொடி எழுத்தில் கிடந்தன.

இறந்தவர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் அதே கம்பங்களில், அதே மரங்களில், அதே பேருந்து நிறுத்தத்தில் மின்கோ தன் கையாலேயே ஒட்டினான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. சுவரொட்டி என்று பிறந்ததிலிருந்து அவன் பார்த்தது அந்த ஒரு வகையைத்தான்.

விஷயம் விளையாட்டாகவும் இல்லை. கடை இருந்த இடம் சோன்காவின் அண்ணன் ராங்கெலுடைய கார் கொட்டகை. ஜார்ஜ் புனிதர் திருநாளுக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் ராங்கெல் அங்கே டயர் கடை வைப்பான். மின்கோ அவனிடம் டயர் உருட்டுவான். மச்சானிடம் கைகட்டி நிற்பதற்கு நிஜமாகவே செத்துவிடலாம் என்பது மின்கோவின் கருத்து.

அவன் ராதோஸ்வெத்துக்குத் தொலைபேசினான். "சார், நான் செத்துட்டேன்னு ஊரே நம்புது."

"அற்புதம்! ஊர் முழுக்க உன் பேரு தெரிஞ்சுபோச்சு. இதுக்குப் பெரிய கம்பெனிங்க எவ்வளவு செலவு பண்ணுது தெரியுமா? இப்ப சேதியை மட்டும் லேசாத் திருத்து. நம்பிக்கையூட்டுற மாதிரி ஏதாவது."

மின்கோ திருத்தினான். அதே படம், அதே கரை. "மின்கோ எங்கும் போய்விடவில்லை. எப்போதும் நம்மோடுதான் இருக்கிறார்."

மறுநாள் ஆறு பெண்கள், துக்க வீட்டுக்கென்றே செய்யும் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமையோடு வந்தார்கள். ஏழாவதாகப் பாதிரியார் வந்தார்.

"செத்த நாற்பதாம் நாள் ஊருக்குச் சாப்பாடு போடணுமே, என்ன ஏற்பாடு?" என்று கேட்டார் அவர்.

"சாமி, நான் உயிரோட இருக்கேன்!"

"நம்ம எல்லாருமே அப்படித்தான், மகனே. ஆண்டவர் முன்னால எல்லாரும் உயிரோடதான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு பானித்ஸாவை எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து மின்கோ மீண்டும் ராதோஸ்வெத்துக்குத் தொலைபேசினான். "கடை திறந்து நாற்பது நாள் ஆகப்போகுதா? மைல்கல்! கொண்டாடு! வாசல்ல நின்னு போறவர்ற எல்லாருக்கும் இலவசமாக் கொடு. ருசி பார்த்தவன் திரும்பி வருவான். இது அறிவியல்."

"சார், நாற்பதாம் நாள் சாப்பாடு கொடுக்கறதுன்னா எங்க ஊர்ல..."

"சந்தைக்கு மூடநம்பிக்கை கிடையாது, மின்கோ! அப்புறம் ஒண்ணு, சீருடை போடுங்க. கறுப்பு. அதுதான் உயர்தரம்."

நாற்பதாம் நாள், கறுப்பு உடையில் மின்கோவும் சோன்காவும் வாசலில் நின்று பானித்ஸா வழங்கினார்கள். ஊர் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு துண்டு வாங்கி, தலை குனிந்து, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றார்கள். சிலர் இரண்டு முறை வந்து இரண்டு முறை மன்னித்தார்கள். கடைக்குள் ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. செத்தவன் வீட்டில் போய் விலை கேட்க யாருக்கு மனம் வரும்?

"அறிவியல் நல்லாத் தின்னுட்டுப் போகுது" என்றாள் சோன்கா, காலித் தட்டைப் பார்த்து.

"நான் கம்பம் கம்பமாப் போய் எல்லாத்தையும் கிழிச்சுடறேன்."

"கிழிச்சியே நேத்து. செத்தவர் படத்தைக் கிழிக்கிறான் பாவின்னு ஒரு கிழவர் உன்னைக் குடையால அடிக்கலையா?"

மின்கோ முதுகைத் தடவிக்கொண்டான்.

அன்று மாலை ராங்கெல் அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்தான். "டயர் அடுக்க இந்தப் பக்கம் வசதி. நீ உயரமான ஆளு மாப்ள, மேலடுக்குக்குக் கை எட்டும்."

மறுநாள் மின்கோ பாலாடைக்கட்டி வாங்க வெளியூர் போனான். சோன்கா தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டாள். அவன் திரும்பி வந்தபோது தட்டெல்லாம் காலி.

"இலவசமாக் கொடுத்துட்டியா?"

"வித்தேன். நீ போய் அடுப்பைப் பாரு. வாசல் பேச்சை இனி நான் பார்த்துக்கறேன்."

அதற்கடுத்த நாள் வரிசை நின்றது. மின்கோ மாவுக் கையோடு எட்டிப் பார்த்தால், பெண்கள் அவனைப் பார்த்து நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய பாரத்தைத் தோள்ல சுமக்கிறே!" என்றார். தொழில் முனைவோரின் சிரமம் ஊருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று மின்கோ எண்ணினான். தட்டு தட்டாகச் சுட்டான்.

ஜார்ஜ் திருநாளும் வந்தது. ராங்கெல் வண்டி நிறைய டயரோடு வந்து, தெருமுனை வரை நின்ற வரிசையைப் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ராதோஸ்வெத் நேரில் வந்து வரிசைக்கு முன்னால் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டார்.

"பார்த்தியா! முகம்! முகம்தான் முத்திரை! அடுத்த முகாம்ல உன் கதையைத்தான் சொல்லப்போறேன்."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம், சார்" என்றான் மின்கோ. கடை பிழைத்தது. டயர் போனது. இனி இந்த ஊரில் அவன் பெயரைச் சொல்லி யாரும் அழ மாட்டார்கள். நெஞ்சு நிமிர, சுடச்சுட ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

வரிசையில் முதலில் நின்ற பாவ்லினா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். பிறகு சோன்காவின் காதருகே குனிந்து, தெருமுனை வரை கேட்கும்படி ரகசியம் சொன்னார்:

"நீ சொன்னது சரிதான்டி, உன் கொழுந்தன் தங்கமான ஆளு. வருஷம் திரும்பட்டும், இவனையே கட்டிக்க. போனவனை விட நல்லாவே சுடுறான்!"