கண்ணாடிக்கு மேல் கண்ணாடி

மனிதகுலத்துக்குப் பாதுகாப்பு என்ற மகத்தான கருத்தை வழங்கிய ஊர் ஓசூர். ஆண்டுதோறும் மார்ச் முதல் வாரத்தில், பாதுகாப்பு வாரம் என்ற பெயரில், அது அங்கே புதிதாகக் கண்டுபிடிக்கப்படும். வாரம் முடிந்ததும் தோரணங்களோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டப்படும்.

இரண்டாயிரத்து நான்கில் அந்தக் கண்டுபிடிப்பைப் படம் பிடிக்கும் பெரும்பொறுப்பு, பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த கமலக்கண்ணனிடம் வந்தது. தாமரைக் கண்ணுக்காக வைத்த பெயர். இப்போது அந்தக் கண்களுக்கு முன்னால் மைனஸ் ஆறு கண்ணாடி. தகடு அழுத்தி வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை ஏதோ ஒரு சங்கத்தின் 'பாதுகாப்பு விருது'க்கு விண்ணப்பித்திருந்தது. பிரஸ் மிஷின்களுக்கு நடுவே எம்.டி. நிற்கும் படம் வேண்டும்.

கமலக்கண்ணனுடையது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் லென்ஸ் தன் பாட்டுக்குப் பார்க்கும். எடுப்பவர் மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். ஜன்னலுக்குள் வெள்ளைக் கோட்டில் ஒரு சட்டம். அதற்குள் இருப்பதெல்லாம் படத்தில் விழும். கண்ணை ஒட்டி வைத்தால் நான்கு கோடும் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்குக் கண் ஒட்டாது, நடுப்பகுதிதான் தெரியும். ஆகவே அவர் கொக்கு மாதிரி கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டி, ஒவ்வொரு கோடாகத் தேடிப் பிடிப்பார்.

பாதுகாப்பு அதிகாரி இளம்பரிதி, மதுரைக்காரர், வாசலிலேயே மறித்தார்.

"காகிள்ஸ் போடாம உள்ள போக முடியாதுண்ணே."

"நாந்தான் கண்ணாடி போட்டிருக்கறனே சார்."

"அது பார்க்குறதுக்கு. இது பாதுகாப்புக்கு."

"இதுக்கு மேலயா அது?"

"மேலதான். ரூல்ஸ்ண்ணே."

"அப்புறம் எதைப் பார்த்து எடுக்கறது?"

"எம்.டி.யைப் பாருங்க, போதும்."

கண், கண்ணாடி, காகிள்ஸ், அப்புறம் ஜன்னல். இவ்வளவு பாதுகாப்பைத் தாண்டிக் கமலக்கண்ணனுக்குத் தெரிந்தது எம்.டி.யின் டை மட்டும். கழுத்தை நீட்டினால் அதுவும் போயிற்று. இடது பக்கம் எங்கோ ஒரு பிரஸ் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இளம்பரிதியின் குரல் கேட்டது.

"ஏம்மா நஞ்சம்மா, தள்ளிப் போம்மா. படத்துல விழுந்துருவ."

"லோடு போவணும் சார். நிறுத்துனா சூப்பர்வைசர் வைவாரு."

"அப்ப குனிஞ்சுக்கிட்டே அடி."

டை அசையாமல் நின்றது. கமலக்கண்ணன் அழுத்தினார். சத்தமே போடாத கேமரா.

"அண்ணே, ஓரத்துல யாரும் தெரியலையே?"

"டை தவிர ஒண்ணும் தெரியல சார்."

"அருமை! எடுங்க."

"எடுத்துட்டேன் சார்."

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், லென்ஸ் ஒன்றையும் விடவில்லை. இடது ஓரத்தில், பேரிகையிலிருந்து வேனில் வரும் காண்ட்ராக்ட் தொழிலாளி நஞ்சம்மா, வெறுங்கையைப் பிரஸ்ஸுக்குள் விட்டிருந்தாள். கை உள்ளே போகாமல் தடுக்க வேண்டிய தடுப்பு, உற்பத்தி கெடாதபடி மேலே தூக்கிக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் இளம்பரிதி அவளை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இடது பக்கத்தை வெட்டிருங்கண்ணே" என்றார் இளம்பரிதி. வெட்டினார். விருது வந்தது.

அடுத்த மாதம் அதே பிரஸ்ஸில் நஞ்சம்மாவின் இரண்டு விரல்கள் போயின. அவள் கூட்டிப் பெருக்க வந்தவள், மிஷினைத் தொட்டதே இல்லை என்றது நிர்வாகம். அவள் கணவன் திம்மப்பன் ஸ்டுடியோவுக்கு வந்தான்.

"சார், எம்பொண்டாட்டி அங்க மிஷின் ஓட்டுனதே இல்லைங்கறாங்க. அவ கை முழுசா இருக்கற போட்டோ எதுனா இருக்குதுங்களா?"

அந்தக் கம்பெனியின் விழாக்கள்தான் ஸ்டுடியோ வாடகை. கமலக்கண்ணன் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இருட்டறைக்குள் போய், எதையும் வெட்டாமல் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

கிருஷ்ணகிரியில், தொழிலாளர் துறைப் பெண் அதிகாரி ஒருவர் முன் விசாரணை. படத்தைப் பார்த்ததும் இளம்பரிதி தடுமாறவில்லை. கமலக்கண்ணனைப் புகழ ஆரம்பித்தார்.

"நேர்மையான மனுஷன் மேடம். எடுத்தவரே அந்தம்மாவைப் பார்க்கலை. கேட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் யாருக்கும் தெரியாம நுழைஞ்சிருக்கு. கம்பெனி என்ன பண்ணும்?"

"பார்த்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லைங்க மேடம்" என்றார் கமலக்கண்ணன். "ரெண்டு கண்ணாடி. டைதான் தெரிஞ்சுது."

இளம்பரிதி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க கண்ணாடி போடறதில்லையா?"

"தேவையே இல்லை மேடம். சிக்ஸ் பை சிக்ஸ்."

"அப்ப இந்தப் படத்துல கையை நீட்டி யாரை விரட்டறீங்க?"

நஞ்சம்மாவுக்கு நஷ்ட ஈடு தரும்படி உத்தரவானது. நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை; உடனே பாதுகாப்புக் குழுவைக் கூட்டி, கண்ணாடி போட்டவர்களுக்கு இனிப் படம் எடுக்கும் வேலை கிடையாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. நியாயமான தீர்மானம். படம் எடுத்த அன்று அந்தப் பிரஸ் கூடத்தில் நஞ்சம்மாவின் கை இருந்த இடத்தைப் பார்க்க முடியாமல் போனவர் கமலக்கண்ணன் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது.