தலைவர் திரையிட்ட விண்வெளிப் படம்

படம் தொடங்கி நெடுநேரமாகியும் ராக்கெட் வரவில்லை. சிவசங்கரனுக்கு வியர்த்தது.

திருப்பதி அறிவியல் புனைவுச் சினிமா சங்கத்தின் தலைவர் அவர். "மூணு வாட்டி பாத்துட்டேன், உலகத்தரம்!" என்று அடித்துச் சொல்லி, ஒரு தடவைகூடப் பார்க்காத ரஷ்யப் படத்தைச் சித்தூர் வீட்டிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். படம் முடிந்ததும் தலைவர் தேர்தல். படம் சொதப்பினால் பதவி போச்சு.

திரையில் சிவப்பாக, ஈரமாக ஒரு சுரங்கம். கேமரா உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஆளும் இல்லை, வசனமும் இல்லை.

"அத்யக்ஷா!" என்று தலைவரைத் தெலுங்கில் இழுத்தார் தேர்தலில் எதிர்த்து நிற்கும் சந்திரசேகர். "இன்னா சார், சவுண்டே காணோம்?"

"விண்வெளியில ஏது சார் சத்தம்? காத்தே கெடையாதே."

அதோடு வாயை மூடியிருக்கலாம் என்பது அவருக்கு உடனே தெரிந்தது.

"காத்து இல்லன்னா செவுரு எப்டி மூச்சு வுடுது? பாரு, விரியுது, சுருங்குது."

"அது செவுரு இல்ல சார். அந்தக் கிரகத்துக்கே உயிர் கீது."

"அப்ப ஹீரோ?"

"கிரகம்தான் ஹீரோ."

"வில்லன்?"

சிவசங்கரன் திரையைத் துழாவினார். நல்லவேளையாகத் திரையில் ஏதோ நுரைத்துப் பொங்கியது.

"தோ வர்றான் பாரு! அமிலக் கடல்!"

அரங்கம் முன்னால் சாய்ந்தது. கல்லூரி விரிவுரையாளர் சந்தியா எழுந்தார். "மனிதனோட பேராசைதானே சார் அந்த அமிலம்?"

"கரெக்டா புடிச்சீங்கம்மா!"

அதற்குப் பிறகு சிவசங்கரனை யாராலும் நிறுத்த முடியவில்லை. பிரபஞ்சத்தின் தனிமை, காலத்தின் மடிப்பு, மனித குலத்தின் தீராப் பசி என்று பொழிந்துதள்ளினார்.

படம் சட்டென்று நின்றது. அடுத்த கணம் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. "சால பாகுந்தி சார்!" என்று பின்வரிசை தெலுங்கில் பாராட்டிக் கத்தியது.

சந்திரசேகர் கண்கலங்கி மேடையேறினார். தான் ஜெயித்தால் போர்த்திக்கொள்ள வாங்கிவந்திருந்த பொன்னாடையைச் சிவசங்கரனுக்குப் போர்த்தினார். "இவ்ளோ ஆழமான படத்த நான் பாத்ததே இல்ல சார். போட்டியிலேர்ந்து வாபஸ்!"

பொன்னாடைக்குள் போன் அடித்தது. சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி வரலட்சுமி.

"ஏங்க, வாயில குழாய வுட்டு உங்க வயித்துக்குள்ள எடுத்த வீடியோவ நீங்களா எடுத்துக்கினு போனீங்க? இங்க டாக்டரு ராக்கெட்டு படம் பாத்துக்கினு கீறாரு, 'வயித்த அப்பறம் பாக்கலாம், க்ளைமாக்ஸ் முடியட்டும்மா'ன்றாரு!"