என் மகனும் வரி கட்டுவதில்லை

வெஸ்ட்மீட்,
ஆகஸ்ட் 2012

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

மெல்பேர்ன் கிரெய்கிபர்ன் குளிர் உங்களையும் அக்காவையும் கரைச்சல்படுத்தாமலிருக்க எங்கள் மேய்ஸ் ஹில் கோயில் முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். சச்சிதானந்தன் எங்களைவிடச் சுகமாக இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

அவரை உங்களுக்கு நினைவிருக்கும், அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்து ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டவர். நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்குகிறோம், சம்பளமும் ஒன்றுதான், ஆனால் அரசாங்கம் எதை மாற்றினாலும் அது அவர் வீட்டுக்கு லாபமாகவும் என் வீட்டுக்குத் தொல்லையாகவும் வந்து சேருகிறது. ஜூலையில் கார்பன் டாக்ஸ் என்று ஒரு புது வரி வந்து கரண்ட் பில் ஏறியது. அவர் போன வருடமே கூரையில் சோலார் பூட்டிவிட்டார். கடைக்காரர் இடியப்பத்தின் விலையை ஏற்றிவிட்டு, "நான் என்ன செய்ய அண்ணை, கார்பன் டாக்ஸ்" என்கிறார். சண்டை பிடிக்கலாம் என்று பார்த்தால், சச்சிதானந்தன் வீட்டில் இடியப்பத்தை மனைவியே அவிப்பது நினைவுக்கு வந்து, சண்டைக்கான தெம்பும் போய்விட்டது. என் சம்பளத்தில் பிடிக்கிற வரி இந்த ஜூலையில் கொஞ்சம் குறைந்தது என்பதை மறைக்கவில்லை. அவருக்கும் அதே அளவு குறைந்ததால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிறு கோயில் அன்னதான வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்று, நாலு பேர் கேட்கும்படியாக, படித்துக்கொண்டே பேக்கரியில் வேலை செய்யும் தன் மகள் கௌசிகாவின் கதையைத் தொடங்கினார். வருடம் பதினெட்டாயிரம் டொலருக்குக் கிட்ட உழைக்கும்வரை வரியே இல்லை என்று இப்போது மாற்றியிருக்கிறார்கள் அல்லவா, அதைச் சொல்லி, "என்ட பிள்ளைக்கு இனி ஒரு சதமும் வெட்டுறேல்லை, முழுக்காசும் கைக்கு வருது" என்றார். என் ஜெயதீபன் சமையல் படிப்பை முடித்துவிட்டு, இருக்கிற ஒரு நீலச் சட்டையைத் தோய்த்துத் தோய்த்துப் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறான். போகிற இடமெல்லாம் அனுபவம் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். ஒருவரும் வேலை தராவிட்டால் அனுபவம் எங்கேயிருந்து வரும். அவன் திரும்பி வந்து அந்தச் சட்டையைக் கழற்றும்போது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது அத்தான். பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மறைக்க மாட்டேன். "என்ட பெடியனும் ஒரு சதம் டாக்ஸ் கட்டுறேல்லை" என்று சொல்லிவிட்டேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"அப்பிடியோ, எங்க வேலை?" என்று கேட்டார். கணக்குப் பகுதியில் என்று வாயில் வந்துவிட்டது.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா, கணக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று ஊருக்குள் இருந்தால் காசு கொடுத்து வேறு ஆளிடம் டாக்ஸ் ரிட்டேன் செய்விப்பார்களா. அடுத்த நாளே, அன்னதான வரிசையில் நின்று அதைக் கேட்ட கலா அக்கா ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய ரசீதுகளோடு வந்து, "தம்பி, நாய் வீட்டைக் காவல் காக்குதுதானே, அதின்ர சாப்பாட்டுக் காசை வரியில கழிக்கேலாதோ?" என்று அவனிடம் கேட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வரத் தொடங்கி, குசினி மேசையில் சாப்பிட இடமில்லை. "டாட், வாட் டிட் யு டெல் தெம்?" என்று மகன் கேட்டான். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

சச்சிதானந்தன் அடுத்த மாதம் ஒரு கலியாணத்துக்கு மெல்பேர்ன் வருகிறார், உங்களைப் பார்க்காமல் போகமாட்டார். கேட்டால், ஓம், கணக்குப் பகுதிதான், பெரிய இடம் என்று சொல்லுங்கள். இடத்தின் பெயரைக் கேட்டால் இருமுங்கள். ரோல்ஸ் வைக்கவேண்டாம். அப்படியே அங்கே ஏதாவது சாப்பாட்டுக் கடையில் என் பிள்ளைக்கு ஒரு வேலை பாருங்கள், கோப்பை கழுவுவதென்றாலும் பரவாயில்லை. வீட்டில் இருந்து இருந்து அவன் கதைப்பதே குறைந்துவிட்டது.

அக்காவுக்கு என் அன்பு, மருமகள் நிரஞ்சினிக்கு ஆசிகள். முருகன் எல்லோரையும் காக்கட்டும். சச்சிதானந்தனை ஏற்கெனவே போதுமான அளவு காத்துவிட்டான்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சிறிதரன்

பி.கு.: முத்திரை வாங்கப் பஞ்சிப்பட்டு இதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த இரண்டு மூன்று கிழமைக்குள் எல்லாம் மாறிவிட்டது. கோயிலில் நான் சொன்னதைச் சச்சிதானந்தன் ஒரு நிமிடமும் நம்பவில்லையாம். ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கௌசிகாவின் முதலாளியிடம் கதைத்து ஜெயதீபனை அதே பேக்கரியில் சேர்த்துவிட்டார். நன்றி சொல்லப் போய் அவர் வீட்டு வாசலில் அழுதுவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், மனிதருக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுங்கள். முதல் சம்பளமும் வந்துவிட்டது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் பெடியன் சேரும்போது நிரப்பிய படிவத்தில் வரிவிலக்கு வேண்டும் என்ற இடத்தில் சரி போட மறந்துவிட்டான், அதனால் முதல் டொலரிலிருந்தே வரி வெட்டியிருக்கிறார்கள். "நாளைக்கே மாத்தலாம், வெட்டினதும் பிறகு திரும்பி வரும்" என்று சச்சிதானந்தன் சொன்னார். இப்போதைக்கு மாற்றவேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அவரைக் கண்டால் மெதுவாகச் சொல்லுங்கள், எங்கள் பெடியன் வரி கட்டுகிற அளவுக்கு உழைக்கிறான், கௌசிகா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, பாவம்.