வலது கையில் நின்ற லாரி

"நில்" என்று கையைக் காட்டினார் விசில்காரர். கையோ "வா, வா" என்றது.

நாற்சந்தியின் நடுவே வட்ட மேடையில் நின்றபடி அவர் தன் வலது கையை அண்ணாந்து பார்த்தார். முழங்கை மடங்கி, முன்கை ஒழுங்காகத்தான் மேலே போயிருந்தது. மணிக்கட்டுக்கு அப்புறம் மட்டும் கை, காயப்போட்ட காலுறை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சிமெண்டு லாரிக்காரர் அதை மரியாதையான அழைப்பாக எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். எதிர்ச்சாலையில் பேருந்துக்காரருக்கும் அதே அழைப்பு கிடைத்தது. இருவரும் மேடையருகே மூக்கும் மூக்கும் முட்டாத குறையாக வந்து நின்று, ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"யோவ் விசிலு! நீதானேய்யா கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலைய்யா, கைதான்..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த நாற்சந்தியில் அவர் பல வருடமாக நிற்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றவர்களுக்கெல்லாம் அவர் விசில்காரர். அவர் விசிலடித்தால் நாலு தெரு அடங்கும். வீட்டிலும் அந்தப் பெயர்தான் பொருத்தம். தூங்கினாலும் அதே விசில்தான், மூக்கு வழியாக. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பலத்த குறட்டை. அவர் தூங்கிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். இடிக்குத்தான் தூக்கம் கெடும்.

அந்தக் குறட்டையால் வந்த வினைதான் எல்லாம். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் மனைவி தலையணையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு, கூடத்துக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் இருக்கும் சின்ன அறைக்குப் போய்விட்டாள்.

"செத்தாலும் இனி இந்த ரூம்ல வந்து தலை சாய்க்க மாட்டேன்!"

"போனாப் போ! கட்டில் பூரா எனக்குத் தாராளமாச்சு!" என்று இவரும் வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

இருபத்து நாலு வருடத் தாம்பத்தியம். வாய் சொன்னதை வயிறு கேட்கவில்லை. முதல் வாரமே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் வீறாப்பு வந்து குறுக்கே நின்றது. அவளும் சளைத்தவள் இல்லை. "டீ இருக்கு", "குடை எடுத்துக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அன்று காலை எழுந்தபோதே கை மரத்துத்தான் இருந்தது. சட்டைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு அவள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாப் பொத்தானையும் மாட்டிவிட்டாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் அவள் விரல் பட்டதில் மனிதருக்குக் கை ஞாபகமே போய்விட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். நன்றாகத் தூங்கி எழுந்த, தெளிவான முகம். 'நான் இங்க உருகிச் சாகுறேன், இவ சுகமாத் தூங்குறா பாரு' என்று ஒரு சின்ன வருத்தம்கூட வந்தது.

"உதறுங்க. சரியாயிடும்" என்றாள், அவர் கண்ணைப் பார்க்காமல்.

உதறினார். சரியாகவில்லை. அதனால்தான் இப்போது நடுச்சாலையில் லாரியும் பேருந்தும் மூச்சு முட்டிக்கொண்டு நிற்கின்றன.

விசில்காரர் சளைக்கிற ஆளா? சாவடிக்குள் போய் லத்தியை எடுத்தார். சட்டைக் கைக்குள் அதை நுழைத்து, உள்ளங்கையிலிருந்து முழங்கை தாண்டும்வரை, ஷூ கயிற்றாலும் கைக்குட்டையாலும் பல்லாலும் இடது கையாலும் இழுத்துக் கட்டினார். மேடையேறிக் கையைத் தூக்கினார். ஆகா! கை கம்பம் மாதிரி நின்றது. வண்டிகள் கப்பென்று நின்றன.

நின்றவை நின்றவைதான். இப்போது கை மடங்க மறுத்தது. முன்பு அதற்கு "வா" மட்டும் தெரிந்தது. இப்போது "நில்" மட்டும் தெரிந்தது. இடது கையால் "போ, போ" என்று வீசிப் பார்த்தார். ஓட்டுநர்கள் இரண்டு கையையும் பார்த்து, உயரமாக இருந்த கைக்கே மரியாதை கொடுத்தார்கள். நாலு பக்கமும் ஹாரன் சத்தம் வானத்தைப் பிளந்தது. மூன்றாவது வண்டியாக மாட்டிக்கொண்டது இன்ஸ்பெக்டரின் ஜீப்.

இன்ஸ்பெக்டர் இறங்கி நடந்தே வந்தார்.

"என்னய்யா இது? ஊருக்கே ஆசீர்வாதமா?"

சல்யூட் அடிக்கப் போன விசில்காரரின் லத்திக் கை, இன்ஸ்பெக்டரின் தொப்பியைத் தட்டிச் சாக்கடையில் தள்ளியது.

*

நரம்பு டாக்டரம்மாவின் அறையில் விசில்காரர் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் போன் போட்டு வரவழைத்ததால் பக்கத்து நாற்காலியில் மனைவியும் இருந்தாள். டாக்டரம்மா கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், கட்டைவிரல் பின்பக்கம் குண்டூசியால் குத்தி "தெரியுதா?" என்றார்.

"என்ன குத்துறீங்களா டாக்டர்?"

"சரி, புரிஞ்சுபோச்சு" என்று அவர் கையை மோந்து பார்த்தார். "தோள் பக்கமா தலைவலித் தைல வாசனை வருதே. தடவினீங்களா?"

"இல்லையே..."

"நான்தான் காலையில தடவிவிட்டேன் டாக்டர்" என்றாள் மனைவி சட்டென்று.

விசில்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் எங்கே தடவினாள்? பொத்தான்தானே மாட்டினாள்? தைலம் அவள் தினமும் படுக்கப்போகும்போது நெற்றியில் தேய்த்துக்கொள்வதாயிற்றே. எதற்கோ தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று மட்டும் அவருக்குப் பட்டது. 

டாக்டரம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். "நீங்க டிராபிக் ஆளு, சுலபமாப் புரியும். முதுகெலும்புக்குள்ள ஓடுறது மெயின் ரோடு. அதுலேருந்து ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா கிளை ரோடு பிரியுது. மொத்தம் முப்பத்தோரு ஜோடி. சேதி போறதும் அதுலதான், வர்றதும் அதுலதான்."

"இருவழிப் பாதை" என்றார் விசில்காரர், ஆர்வமாக.

"ஆமா. கழுத்துப் பக்கம் புறப்படுற அஞ்சு ரோடு தோளுக்குக் கீழ வந்து ஒண்ணாக் கலக்குது. பெரிய ஜங்ஷன். அங்க கூடிப் பிரிஞ்சு, கைக்குன்னு தனித்தனி ரோடாப் போகுது. அதுல ஒரு ரோடு மேல்கை எலும்புக்குப் பின்னால, எலும்பை ஒட்டியே சுத்தி வருது. மணிக்கட்டைத் தூக்குறது, விரலை நீட்டுறது எல்லாம் அது உபயம். அந்த எடத்துல ராத்திரி பூரா யாரோ ஒரு லாரிய நிறுத்திட்டாங்க."

"லாரியா?"

"பாரம்னு வச்சுக்குங்க. குடிச்சிட்டு நாற்காலி முதுகுல கையைத் தொங்கப் போட்டுத் தூங்குனா இப்படி வரும். குடிப்பீங்களா?"

"ஐயையோ! தொட்டதே இல்ல."

"அப்ப கல்யாணம் ஆகி எத்தனை நாளாச்சு?"

"நாளா? இருபத்து நாலு வருஷம் டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இல்ல, புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் இது ஜாஸ்தி வரும். பொண்டாட்டி கைமேல தலை வச்சுத் தூங்கிடுவா, மாப்பிள்ளை எழுப்ப மனசு வராம அப்படியே கிடப்பாரு. நாங்களே இதைப் புதுமாப்பிள்ளைக் கைன்னு கேலி பண்ணுவோம். எப்படியோ, உங்க கைமேல நேத்து ஒரு தலை இருந்திருக்கு."

 விசில்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனைவி மூன்று வாரமாகச் சின்ன அறையில் படுக்கிறாள். அப்படியானால் அது யார் தலை? அவருக்கே தெரியாது. தெரியாது என்று சொன்னால் அவள் நம்புவாளா? தலையணையோடு போனவள் பெட்டியோடு போய்விட்டால்?

ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. அழவில்லை. முப்பத்தோரு ஜோடி நரம்பையும் ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"எப்ப சரியாகும் டாக்டர்?" என்றாள்.

"லாரிய எடுத்தாச்சுன்னா சில வாரத்துல தானாச் சரியாகும். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை தர்றேன், போட்டுக்கணும். ஆனா மறுபடி அதே எடத்துல நிறுத்தக் கூடாது."

"இனிமே நிறுத்த மாட்டாங்க டாக்டர்" என்றாள் மனைவி, அழுத்தமாக.

விசில்காரருக்கு உயிரே போய்விட்டது. நிறுத்த மாட்டார்களாம்! அப்படியானால் யாரென்று இவள் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டாள். புயலுக்கு முன்னால் காற்று அடங்குமே, அதுதான் இது.

*

வீடு வரும்வரை அவர் யோசித்தார். உண்மை தெரியாதபோது மனிதன் பொய்யைத்தானே தேட வேண்டும்?

கூடத்தில் மாமனார், அதாவது மனைவியின் அப்பா, சோபாவில் உட்கார்ந்திருந்தார். பேச்சு குறைவான மனிதர். ராத்திரியில் அந்தச் சோபாவில்தான் படுக்கை. இரண்டு அறைக்கும் நடுவில். இந்த வயதில் அவருக்கு முழுநேர உத்தியோகமே எழுந்து குளியலறைக்குப் போவதும் திரும்பி வருவதும்தான். இவர்கள் உள்ளே நுழையவும் அவர் கிளம்பவும் சரியாக இருந்தது.

விசில்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. நேத்து மத்தியானம் ஸ்டேஷன்ல நாற்காலியில சாஞ்சு கொஞ்சம் கண்ணசந்தேன். கையைப் பின்னால தொங்கப் போட்டிருந்தேனா... அதான்."

"சரிங்க" என்றாள் மனைவி.

"நம்புறியா?"

"சரிங்கன்னேனே."

அந்த "சரிங்க" அவரை இன்னும் பயமுறுத்தியது. சண்டை போட்டாலாவது தேவலை. அவளோ தட்டில் சாப்பாடு கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக ஊட்டிவிட்டாள். தூக்குத் தண்டனைக் கைதிக்குக் கடைசி நாள் விருந்து வைப்பார்களாமே, அதுதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் ருசித்தது. மூன்று வாரமாக இறங்காத சாப்பாடு அன்று இரண்டாம் தடவையும் கேட்டு இறங்கியது.

மாலையில் இன்ஸ்பெக்டர் ஒரு பை ஆப்பிளோடு வந்துவிட்டார். புதுத்தொப்பி போட்டிருந்தார்.

"எப்படி இருக்காரு நம்ம புதுமாப்பிள்ளை? ஸ்டேஷன் பூரா அதே பேச்சுதான்யா!"

"ஐயா, அதெல்லாம் இல்ல. ஸ்டேஷன் நாற்காலியில சாஞ்சு தூங்கினதால..."

"எந்த நாற்காலி? இருந்த நாற்காலிக்கெல்லாம் முதுகு ஒடிஞ்சுதானே போன மாசமே ஸ்டூல் போட்டோம்! சாஞ்சா மல்லாக்க விழ வேண்டியதுதான்."

விசில்காரர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மனைவி தேநீர்க் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தாள்.

"இல்ல... பூனை! பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியா வந்து கைமேல படுத்திருச்சு!"

"பூனையா? கையையே முடக்கிப் போடுற பூனைன்னா அது புலிய்யா. புகார் குடுக்கணுமே. அடையாளம் சொல்லு."

"அப்பாவுக்குப் பூனை ஆகாது. வாசல் பக்கம் வந்தாலே தும்முவாரு" என்றாள் மனைவி மெதுவாக. "நேத்து ராத்திரி தும்மவே இல்ல."

போதும். விசில்காரர் எழுந்தே விட்டார். இன்ஸ்பெக்டர் இருந்தால் என்ன, ஊரே இருந்தால்தான் என்ன?

"இந்தா பாரும்மா. நாற்காலியும் இல்ல, பூனையும் இல்ல. அது யார் தலைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மூணு வாரமா உன் பக்கம் காலியாக் கிடக்கு. பழக்க தோஷம், தூங்கும்போது வலது கையை அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டுத்தான் தூங்குறேன். அது உனக்குப் போட்ட எடம். நீ வராட்டியும் வேற ஒரு தலைக்கு அங்க எடமில்ல. குறட்டைக்கு வைத்தியம் பாத்துக்குறேன். வீறாப்பாப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோ. பெட்டியத் தூக்கிடாத."

 அவள் கண் நிறைந்துவிட்டது. 

"நான் எங்கயும் போகல" என்றாள். "டீ ஆறுது, குடிங்க."

இன்ஸ்பெக்டருக்குப் போலீஸ் மூளை சும்மா இருக்கவில்லை. "அப்ப நீங்க இவரை நம்புறீங்களாம்மா?"

"நம்புறேன்."

"சாட்சி இல்ல, ஒண்ணும் இல்ல. எப்படிம்மா அவ்வளவு உறுதியா நம்புறீங்க?"

 காதிலிருந்து கழுத்துவரை சிவந்து, தேநீர்த் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளியலறைக் கதவு திறந்தது. மாமனார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, வழக்கம்போல் யாரையும் பார்க்காமல் சோபாவை நோக்கி நடந்து வந்தார். மகளைத் தாண்டும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்றார்.

"ஏம்மா, நானும் மூணு வாரமா ராத்திரில நீ போக வரப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னைக்கு ராத்திரியாவது மாப்பிள்ளையோட இடது கைப் பக்கம் போய்ப் படு, வலது கை பாவம், ஊருக்கு வேணும்."