ஆட்டுக்கு வாங்கிய ஈஸ்ட்

“என்னது, ஈஸ்ட்டா?”

கடைக்காரர் செல்லசாமி கேட்ட தோரணையில், பாண் வாங்க நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா. அதோட கொஞ்சம் சீனியும்,” என்றார் சூசைரட்ணம்.

ஈஸ்ட்டை மட்டும் கேட்டிருந்தால், மனுசன் அப்பம் சுடப் பார்க்கிறார் என்று விட்டிருப்பார்கள். ஈஸ்ட்டும் சீனியும் சேர்ந்தால் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கசிப்பு, கள்ளச்சாராயம். அதுவும் கேட்பவர், மனைவி செத்து ஒரு மாதம்வரை கசிப்பிலேயே மிதந்தவர்.

“ஆட்டுக்குப்பா!”

“ஆடு எப்பலருந்துண்ணே தண்ணி போடுது?”

கடை சிரித்தது. சூசைரட்ணமும் கூடச் சேர்ந்து சிரித்துப் பார்த்தார். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

உண்மையில் ஆட்டுக்குத்தான். மனைவியின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு, போதையில் போய்க் கிழட்டுக் கெடா ஒன்றைப் பிடித்து வந்தவர் அவர். அந்தக் கறியை மென்ற சனம், தாடையைத் தடவிக்கொண்டே ஜெபம் சொன்னது. பாதிப் பேர் வேலியோரம் போய்த் துப்பினார்கள். மகள் டிலுக்ஷி மட்டும் துப்பவில்லை. ஒரே துண்டைக் கடைசிவரை மென்றுகொண்டே அழுதாள். அன்றோடு சூசைரட்ணம் குடியை விட்டார்.

இப்போது மனைவியின் ஆண்டு நினைவுப் பூசை வருகிறது. அதற்காகவே அவர் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு செம்மறிக்குட்டி வளர்கிறது. மிருக வைத்தியர் செந்தூரன் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் சொன்னார்:

“தீனியில கொஞ்சம் ஈஸ்ட் கலந்து குடுங்கோ. நல்லாச் செமிக்கும், குட்டி கெதியா வளரும். இறைச்சியும் மெத்தெண்டு வரும் எண்டு சொல்லுகினம்.”

“வளரட்டும், வளராமப் போகட்டுங்கய்யா. கறி மெத்துன்னு வந்தா போதும்.”

சீனித் தண்ணீரில் ஈஸ்ட்டைப் பொங்கவிட்டு, புண்ணாக்கில் பிசைந்து வைத்தார். அந்த வாசம் லயம் முழுக்க நடந்துபோய் ஒவ்வொரு கதவையும் தட்டியது.

வாசத்தை மறைக்க நீலப் பீப்பாய் ஒன்று வாங்கி மூடி வைத்தார். கசிப்புக்காரர்களும் அதே நீலப் பீப்பாயைத்தான் வாங்குவார்கள் என்பது வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செல்லசாமியின் பார்வைக்குப் பயந்து ஈஸ்ட் வாங்க வலப்பனை டவுனுக்கு பஸ் ஏறினார். “வெளியூருக்கும் சப்ளையாம்” என்று அவருக்கு முன்பே செய்தி ஊர் திரும்பியிருந்தது.

பீப்பாயைத் தேயிலை மலை உச்சிக்கு உருட்டிப் போனார். மறுநாள் அழகுமுத்து வெறும் போத்தலோடு மேலே ஏறி வந்தான்.

“ஆட்டுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தா, ஒரு போத்தல் ஊத்துங்கண்ணே.”

“குடிச்சிப் பார்ரா, அப்பவாச்சும் நம்புவ!” என்று ஒரு கோப்பை மொண்டு கொடுத்தார்.

அழகுமுத்து குடித்தான். புதருக்குள் ஓடி வாந்தி எடுத்தான். சாயங்காலம் லயமெல்லாம் ஒரே பேச்சு: “சூச அண்ணன் சரக்கு முந்தி மாதிரி இல்ல. கை விட்டுப் போச்சு.”

குடிகாரன் என்ற பெயரோடு, தொழில் தெரியாதவன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

அன்றிரவு கொழும்பில் தையல் பெக்டரியில் இருக்கும் மகளுக்குப் போன் எடுத்தார்.

“அம்மாவோட பூசைக்கு வருவல்ல, பாப்பா?”

“லீவு கெடைக்காதுப்பா. இப்பத்தான் நீங்க குடிக்கிறதில்லியே, நல்லாத்தானே இருக்கீங்க. நான் வந்து என்னா செய்யப் போறேன்?”

“அதுவும் சரிதான்.”

போனை வைத்துவிட்டு வாசலில் நின்றார். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மரியநாயகி பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

பூசைக்கு முதல் நாள் காலை, டிலுக்ஷி பையும் கையுமாக லயத்து வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. கண் சிவந்திருந்தது.

“எங்க ஒளிச்சி வச்சிருக்கீங்க?”

சூசைரட்ணம் மலையைக் கை காட்டினார்.

அவள் விறுவிறுவென்று ஏறிப்போய்ப் பீப்பாயை ஒரே உதை விட்டாள். நுரைத்த புண்ணாக்கு சரிவில் வழிந்தது. எங்கிருந்தோ ஓடிவந்த செம்மறிக்குட்டி, விருந்துக்கு அழைத்ததுபோல் நக்கத் தொடங்கியது.

டிலுக்ஷி குட்டியைப் பார்த்தாள். பின்னால் மூச்சிரைக்க ஏறிவந்த அப்பாவைப் பார்த்தாள்.

“வாய ஊதுங்க.”

ஊதினார். வெறும் பிளேன்டீ வாசம்.

அவள் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மாவுக்குத்தான்,” என்றார் சூசைரட்ணம் குட்டியைக் காட்டி. “இந்தத் தடவ மெத்துன்னு இருக்கும், பாப்பா. யாரும் துப்ப மாட்டாங்க.”

டிலுக்ஷி அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. கடைசியில் கோபம்தான் ஜெயித்தது.

“நீங்க குடிச்ச காலத்துலதான் அடிக்கடி ஓடியாந்தேன். விட்ட பிறகும் சூப்பர்வைசரோட சண்ட போட்டு ஓடி வர வச்சிட்டாங்களே! தெரியாத நம்பர்லருந்து, மூக்கப் பொத்திக்கிட்டு, ‘ஒங்கப்பா திரும்பக் குடிக்கிறாரு’ன்னு சொன்ன அந்தப் பாவி யாரு?”

சத்தம் கேட்டு ஏறி வந்திருந்த மரியநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான்தாம்மா. ‘குடிக்கிறேன்னு சொன்னாத்தான் எம் மக வருவா’ன்னு, ஒன் நம்பர அமத்தி எம் போன எங் கையில குடுத்தது ஒங்கப்பாதான்.”