நான் வாங்கி வைத்த வேர்க்கட்டு

நௌசோரி,
திங்கள் இரவு

அன்புள்ள மகெரெட்டா அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், மாமாவுக்கும் கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அங்கே எல்லோரும் நலமா? இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம்.

எங்கள் பின்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பஸ் டிரைவர் செமியை உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் அவரும் மனைவியும் மட்டும்தான். ஈஸ்டருக்கு லாவு தீவுகளிலிருந்து அவருடைய பெரியப்பா ரொபாட்டே, கண் சிகிச்சைக்கு மூன்று நாள் என்று சொல்லி ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது ஜூலை. கண் எப்போதோ சரியாகிவிட்டது. தினமும் விடிகிறபோது அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே ஆறு பேரும் நான்கு குரலில் துதிப்பாடல் பாடுகிறார்கள், மதியத்துக்குள் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடுகிறது, அப்பா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை அவர்கள் வேலியோரமாக மரவள்ளி நட்டார்கள். அது விளைய ஒன்பது மாதம் ஆகும் என்று அம்மா சொன்னதும் அப்பா ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"செமி, விருந்தாளி ரெண்டு வாரத்துக்கு மேல தங்குனா என்னைக் கேக்கணும்னு எழுதியிருக்குல்ல?"

"அண்ணே, அவங்க இப்ப என் விருந்தாளி இல்ல. உங்க விருந்தாளி."

"என்னப்பா உளர்ற?"

பெரியவர் சொன்னார்: "வந்த அன்னிக்கே உங்க வீட்டு வாசல்ல யங்கோனா வேர்க்கட்டு வெச்சு இடம் கேட்டேன் தம்பி. வாங்கிக் கையும் தட்டுனாங்களே!"

"யாரு வாங்குனது?"

"அதெல்லாம் கேக்கலாமா? வீடு வாங்குச்சு."

அத்தை, வாங்கியது நான்தான். அப்பாவும் அம்மாவும் சர்ச் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள், நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, என்னை அப்பா என்று நினைத்து, வேர்க்கட்டை நீட்டியபடி நம் முன்னோர்களை ஒவ்வொருவராக அழைத்து அரைமணி நேரம் பேசினார். பாவமாக இருந்தது. வாங்கி, கையைக் குவித்து மூன்று முறை தட்டிவிட்டேன். அப்படி விருந்தாளியாக ஏற்றுக்கொண்டவர்களை எப்படிப் போகச் சொல்வது? கண் சரியானதும் அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது, என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. வேர்க்கட்டு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அறையில் என்ன வாடை என்று அம்மா கேட்கும்போதெல்லாம் காலுறை என்கிறேன்.

அம்மா, தான் வாங்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டாள்; என்னை யாரும் கேட்கவே இல்லை. அதனால் வரும் ஞாயிறு, பாதிரியார் முன்னால் பெரியவரைப் பொய்யர் என்று சொல்லப்போகிறார் அப்பா. அவர் பொய்யர் இல்லை அத்தை. உண்மையைச் சொன்னால் நான் தொலைந்தேன். அப்பா உங்கள் பேச்சை மட்டும்தான் மீற மாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய்து, நீங்கள் சொல்லித்தான் நான் வாங்கினேன் என்று சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடப் பெண் வாங்கினால் செல்லாது என்றால் அதையும் சொல்லுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக, என்னையும்.

உங்கள் மருமகள்
உலமிலா

பி.கு.: இனி யார் எதை நீட்டினாலும் வாங்குவதில்லை என்று பைபிள் மேல் சத்தியம் செய்துவிட்டேன், ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியதே

அத்தை, யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள். ரொபாட்டே பெரியவர் குரல். "முழிச்சிருக்கியாம்மா? கப்பல் இப்பத்தான் வந்துச்சு. என் தங்கச்சி குடும்பம், எட்டுப் பேரு. மூணே நாளுதான். அப்பாவ எழுப்பாத, போன தடவ மாதிரி நீயே வாங்கிக்க." அப்பா அறையில் விளக்கு எரி